யூரியா மேடம்

என் முகத்தை ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக நான் முதன்முதலில் பார்த்தது ஒரு ஷேர் ஆட்டோவுக்குள் இருந்துதான்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, கச்சிராயபாளையம் ரோடு திரும்புகிற முனை. காலை நேரம், தூறல். என் மடியில் டிபன் பை. பக்கத்தில் ஓர் அம்மா கருவாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ படுதாவை விலக்கி வெளியே பார்த்தேன். உரக்கடை மாடியில் புது ஃப்ளெக்ஸ். அதில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. காதில் இருந்த தோட்டைப் பார்த்த பிறகுதான் அது நான் என்று உறைத்தது.

என் தலைக்கு மேல் மஞ்சள் எழுத்தில் "யூரியாவும் ஆர்கானிக்தான்!" என்று போட்டிருந்தது. கீழே சிவப்பில், "சொல்கிறார் வேதியியல் வித்தகர் கலைமணி மேடம், எம்.எஸ்சி., எம்.எட்." அதற்கும் கீழே, "வாங்கிப் பயன்பெறுவீர்."

கருவாட்டு அம்மா என்னையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஏம்மா, அது நீயா?"

"இல்லைங்க."

"உன்னாட்டமே கீதே."

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இன்னா மேடம், எலெக்‌ஷன்ல நிக்கறீங்களா?" என்றார். அங்கேயே இறங்கிவிட்டேன். பள்ளிக்கு இன்னும் நேரம் இருந்தது.

எங்கள் ஊரில் ஃப்ளெக்ஸ் வைக்காமல் யாரும் காது குத்திக்கொள்வதில்லை. மஞ்சள் நீராட்டுக்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, செத்தால் ஒன்று. பணி ஓய்வு பெறும்போது எனக்கும் ஒன்று வைப்பார்கள் என்று ஒரு சின்ன ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் அது இப்படி முந்திக்கொண்டு, ஓர் உர மூட்டையை அணைத்தபடி வரும் என்று நினைக்கவில்லை. படத்தை யாருடைய பிரிவு உபசார குரூப் போட்டோவிலிருந்தோ வெட்டியிருந்தார்கள். என் வலப்பக்கம் ஓவிய ஆசிரியரின் தோள் மட்டும், ஆள் இல்லாமல், என்னோடு வந்திருந்தது.

உரக்கடைக்குள் நுழைவதற்கு முன்னால், அந்த வரி என் வாயிலிருந்து எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சுற்றுவழி.

நாலு கை

பதினோராம் வகுப்பில் கரிம வேதியியலின் அடிப்படையை ஆரம்பிக்கிற நாளில், கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்கு நாலு கை வரைவேன். அதுதான் கார்பன். நாலு கையாலும் அது யாரையாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கை சும்மா இருந்தாலும் அதற்கு நிலைகொள்ளாது.

நாலிலும் ஹைட்ரஜனைப் பிடித்தால் மீத்தேன், சாண எரிவாயுவில் இருப்பது. ஒரு கையால் இன்னொரு கார்பனைப் பிடித்தால் ஈத்தேன். அப்படியே சங்கிலி நீள நீள, சமையல் கேஸ், பெட்ரோல், மெழுகுவத்தி. சங்கிலியில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் அங்கங்கே கோர்த்தால் சர்க்கரை, சாராயம், ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகர், மல்லிகைப்பூ வாசனை, நான் கட்டியிருக்கிற பாலியெஸ்டர் புடவை. உலகத்தில் பாதிப் பொருள்கள் இந்த நாலு கைக்காரனின் சேர்க்கைதான் என்று சொல்லி நிறுத்துவேன்.

"மிஸ், ஒரு கார்பன் இன்னொரு கார்பன ரெண்டு கையால புடிக்கலாமா?" என்று ஒரு வருடம் ஒரு பெண் கேட்டாள்.

"பிடிக்கலாம். மூணு கையாலயும் பிடிக்கலாம்."

"நாலு கையாலயும்?"

"அது நடக்காது. அவ்வளவு நெருக்கம் ஒத்துவராது."

"எங்க வூட்லயும் அப்படித்தான் மிஸ்" என்றாள். வகுப்பு சிரித்தது. நாலாவது கை ஏன் எட்டாது என்பதற்கு நல்ல காரணம் ஒன்று உண்டு. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "பப்ளிக்ல வருமா மிஸ்?" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது. வராது என்றேன். நோட்டுகள் மூடிக்கொண்டன.

அடுத்த நாள் பாடம் யூரியா. இந்தக் கரிமப் பொருள்களை எல்லாம் உயிருள்ள உடம்பால் மட்டுமே உண்டாக்க முடியும், அதற்கென்று ஓர் உயிர்ச்சக்தி தேவை என்று ஒரு காலத்தில் பெரிய பெரிய விஞ்ஞானிகளே நம்பினார்கள். ஒரு ஜெர்மன்காரர் தன் ஆய்வுக்கூடத்தில் ஏதோ ஓர் உப்பைச் சூடாக்கினார். கிடைத்தது யூரியா. சிறுநீரில் இருக்கிற அதே சாமான். அதற்கு மனுஷன் வேண்டியிருக்கவில்லை, நாய்கூட வேண்டியிருக்கவில்லை. உயிர்ச்சக்திக் கொள்கை அன்றோடு ஆட்டம் காண ஆரம்பித்தது.

சிறுநீர் என்றதும் வகுப்பு மறுபடி சிரிக்கும். எல்லா வருடமும் அதே இடத்தில்தான் சிரிப்பு.

ஒன்றைக் கவனியுங்கள். தமிழில் என் பாடம் கரிம வேதியியல். கடை உரம் போடாமல் பயிர் செய்வது இயற்கை விவசாயம். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டையும் ஆர்கானிக் என்று சொல்லப் பழகியதால்தான் உங்களிடம் சொல்ல எனக்கு ஒரு கதை இருக்கிறது.

ஸ்பெஷலிஸ்ட் தேவை

மாவட்டம் பிரிந்து, அலுவலகங்கள் எல்லாம் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த காலம். ஆடி மாதம் என்று நினைவு. எங்கள் தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், மலையில ஒரு ப்ரோக்ராமாம். ஆர்கானிக் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தர் அனுப்பச் சொல்லி போன் வந்துது. நம்ம ஸ்கூல்ல நீங்கதானே ஆர்கானிக் எடுக்கறீங்க?"

"சார், அது ஆர்கானிக் விவசாயமா இருக்கும். நான் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி."

"அவங்களும் ஆர்கானிக்தான் கேட்டாங்க."

"ரெண்டும் வேற சார்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், பேரு குடுத்தாச்சு. ஆன் ட்யூட்டி போட்டுக்கலாம். மலைக்காத்து வாங்கிட்டு வாங்களேன்."

மலைக்காற்று நன்றாகத்தான் இருந்தது. வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் ஏறும்போதே குளிர ஆரம்பித்தது. ஊர் முகப்பில் பச்சைப் பலகை ஒன்றைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். வேளாண்மைத் துறை அதிகாரி ஒருவர் நாடாவை இழுத்தார். துணி விழுந்தது. "ரசாயனமே இல்லாத கிராமம்" என்று இருந்தது.

திறப்பு விழாவுக்கு ரசாயன டீச்சர் சிறப்பு விருந்தினர். இதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இருந்ததாகத் தெரியவில்லை.

அதிகாரி மைக்கைப் பிடித்தார். "இந்த மலைச் சாமைல ஒரு கெமிக்கல்கூட கிடையாது. இங்க தண்ணியில கெமிக்கல் கிடையாது. காத்துல கெமிக்கல் கிடையாது." கைதட்டல். இத்தனை வருடமாக நான் சம்பளம் வாங்குகிற பாடத்தை அவர் மூன்று வாக்கியத்தில் ஒழித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு டீ வந்தது. பிறகு மைக் வந்தது.

அவரைத் திருத்தும் எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. ஆனால் தப்பாக எழுதிய சமன்பாட்டைப் பார்த்தால் கை தானாகச் சாக்பீஸைத் தேடும் ஜாதி நான். தண்ணியே ஒரு கெமிக்கல்தான் என்று ஆரம்பித்தேன். சாமையில் இருக்கிற மாவுச்சத்தும் கெமிக்கல்தான், கார்பன் சங்கிலிதான் என்றேன். முன்வரிசைப் பெண்கள் ஆர்வமாகக் கேட்டார்கள். அந்த ஆர்வம் என்னை இன்னும் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"எங்க கெமிஸ்ட்ரி பாடத்துல பாத்தா யூரியாவும் ஆர்கானிக்தான்" என்றேன். "ஆனா நீங்க செய்யற ஆர்கானிக் விவசாயத்துல யூரியாவுக்கு இடமே கிடையாது. பேருதான் ஒண்ணு, அர்த்தம் வேற வேற."

இரண்டையும் சேர்த்து மூச்சு விடாமல் சொன்னதாகத்தான் ஞாபகம். உள்ளூர் யூடியூப் சேனல்காரர் ஒருவர் என் மூக்குக்கு நேரே கேமரா பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முதல் வாக்கியம் போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த முதல் வாக்கியம் தனியாக மலை இறங்கி, சின்னசேலம், சங்கராபுரம், உளுந்தூர்பேட்டை என்று சுற்றக் கிளம்பிவிட்டது.

இடம் பத்தல மிஸ்

உரக்கடைக்காரன் முருகவேல் என் பழைய மாணவன். என்னைக் கண்டதும் கல்லாவை விட்டு எழுந்து ஓடி வந்தான்.

"வாங்க மிஸ்! பாத்தீங்களா? இன்னா மாரி வந்துக்கீது பாருங்க, கலர்ல!"

"அதை இறக்கு முருகவேல்."

"ஏன் மிஸ்? நீங்க சொன்னதுதானே. பொய்யா?"

"பொய் இல்ல."

"அப்பறம் இன்னா மிஸ்?"

"நான் அதுக்கப்புறம் இன்னொண்ணும் சொன்னேன்."

"ஃப்ளெக்ஸ்ல எடம் பத்தல மிஸ்."

 அவன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். "மிஸ், நான் கெமிஸ்ட்ரில பார்டர்ல பாஸானவன். நீங்க நடத்தினது எல்லாம் மறந்துபோச்சு. ஆனா ஜெர்மன்காரன் யூரியா செஞ்ச கதை மட்டும் அப்படியே நெனப்புல கீது. வாட்ஸப்ல நீங்க பேசினத பாத்தப்ப, கிளாஸ்ல குந்தினு இருக்கற மாரியே இருந்துச்சு மிஸ்."

நான் கற்பித்த ஒரு பாடம் ஒரு மாணவனின் வாழ்க்கையில் பயன்பட்டதற்கு நேரில் கண்ட சாட்சி அதுதான். ஆசிரியர் தினத்தில் யாரும் எனக்கு இதைவிடப் பெரிய மரியாதை செய்ததில்லை. அவன் கண்ணில் பொய்யும் இல்லை.

"வியாபாரம் எப்படி?" என்று, கேட்கக் கூடாததைக் கேட்டேன்.

"ஜாஸ்திதான் மிஸ். மலைக்காரங்ககூட வந்து வாங்கிக்கினு போறாங்க."

எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் முதல் மணி அடிக்கிற நேரம் ஆகிவிட்டது. படத்தை இறக்கச் சொல்லி இன்னொரு தடவை சொல்லிவிட்டு வந்தேன். "மழைல தானா கிழிஞ்சிடும் மிஸ்" என்று ஆறுதல் சொன்னான். அந்த வருடம் நல்ல மழை. ஃப்ளெக்ஸ் நல்ல தரம்.

ஆட்டோக்காரர்கள் என்னை யூரியா மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தது அந்த வாரத்தில்தான். ஒரு நன்மையும் இருந்தது. எங்கே இறங்க வேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆமாவா, இல்லையா?

பிறகு மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து மெமோ வந்தது. அரசின் இயற்கை வேளாண்மைக் கொள்கைக்கு முரணாக, ஒரு தனியார் உரக்கடைக்கு ஆதரவாக, பொதுமேடையில் பேசியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். விளக்கம் எழுதினேன். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டு, நேரில் வரச் சொன்னார்கள்.

விசாரணை அதிகாரி நல்ல மனிதர். எனக்கு மின்விசிறிக்குக் கீழே இருந்த நாற்காலியைக் கொடுத்தார். பக்கத்தில் ஒரு தட்டச்சர் தயாராக இருந்தார்.

"மேடம், நேரடியா கேக்கறேன். யூரியா ஆர்கானிக்கா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

"எந்த அர்த்தத்துல சார்?"

"அர்த்தத்துக்கெல்லாம் போக வேணாம். ஆமாவா, இல்லையா?"

"கெமிஸ்ட்ரில ஆமா. விவசாயத்துல இல்ல."

அவர் தட்டச்சரிடம் திரும்பினார். "பதில் அளிக்க மறுத்தார்னு போட்டுக்க."

கையோடு கொண்டுபோயிருந்த பாடப்புத்தகத்தை எடுத்து, யூரியா வருகிற பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். முதல் பக்கத்தைத் திருப்பி அரசு முத்திரையையும் பார்த்தார். முகம் மாறியது.

"இது பழைய புக்கா, புது புக்கா?"

"புதுசு சார்."

"இன்னும் யாரும் கவனிக்கல போலருக்கு" என்றார் மெல்லிய குரலில். பிறகு என்னை ஒரு கூட்டாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "மேடம், நான் ஒரு வழி சொல்றேன். 'யூரியா ஆர்கானிக் அல்ல, நான் தவறாகப் பேசிவிட்டேன்'னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. ஃபைல் இன்னிக்கே முடிஞ்சிடும்."

"சார், இன்னும் மூணு மாசத்துல இதே பாடத்தை நான் நடத்தணும்."

"நடத்துங்க. அதை யாரு வேணாம்னா?"

"அங்க ஆர்கானிக்னும், இங்க இல்லைன்னுமா?"

"அது கிளாஸ், இது கவர்ன்மென்ட்" என்றார். அதைச் சொன்ன பிறகு அவருக்கே கொஞ்சம் ஒரு மாதிரியாக இருந்திருக்க வேண்டும். டீ சொன்னார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. துணிச்சல் என்று நினைக்காதீர்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சம்பளக் கணக்குத்தான் போட்டுக்கொண்டு போனேன். ஓய்வு பெறச் சில வருடங்களே இருக்கும்போது ஊதிய உயர்வை நிறுத்தினால் அது ஓய்வூதியம்வரை துரத்தும். ஆனாலும் அந்த வரியை எழுதப் பேனாவை எடுத்தால், நாலு கையோடு அந்தக் கார்பன் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு விருந்தாளி

மழை விட்ட ஒரு நாள், மதிய இடைவேளையில், பள்ளி கேட்டில் என்னைத் தேடி ஓர் அம்மா நிற்பதாகச் சொன்னார்கள். அலமேலு என்று பெயர். என் வயதுதான் இருக்கும். கல்வராயன் மலையில், அன்றைக்கு நான் பேசிய ஊர். மலைக்காரர்கள் யாரையும் நீ என்றுதான் பேசுவார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

"நீதான அந்த யூரியா மேடம்? அன்னிக்கி உனுக்கு டீ குடுத்தது நாந்தான்."

"சொல்லுங்கம்மா."

"எங் கொழுந்தன் ஆண்டியப்பன், சாமைக்கு யூரியா போட்டுட்டான். ஏன்டா போட்டனு கேட்டா, மேடமே ஆர்கானிக்தான்னு சொல்லிச்சு, கீழ படம்கூட வெச்சிக்கீறாங்கன்றான். எங்க கூட்டத்து சாமைய வாங்கறதுக்கு சென்னைலேர்ந்து கம்பெனிக்காரன் வரான். ஒருத்தன் உரம் போட்டாலும் ஊர் சாமையே வேணாம்னு சொல்றான். நாங்க எல்லாரும் சேந்து விதைச்சது. இப்ப இன்னா பண்றது சொல்லு."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நான் பதில் சொல்வேன் என்று நம்பிக் காத்திருந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரேன்" என்றேன்.

"வா. அந்தக் கம்பெனிக்காரனும் அன்னிக்கிதான் வரான்."

படுத்துக்கிடந்த சாமை

ஆண்டியப்பனின் கொல்லையை (அங்கே வயலைக் கொல்லை என்பார்கள்) முதலில் பார்த்தேன். சுற்றிலும் மற்றவர்களின் சாமை இடுப்புயரத்தில் கதிர் வாங்கி, வெளிறிய பழுப்பில் நின்றுகொண்டிருந்தது. இவருடையது மட்டும் கரும்பச்சையாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாய் விரித்தாற்போலத் தரையில் படுத்திருந்தது. கீழே ஈரத்தில் தாள் அழுகுகிற வாடை.

"மொதல்ல சும்மா கும்முனு வந்துச்சு மேடம்" என்றார் ஆண்டியப்பன். மெலிந்த மனிதர். பேச்சில் வருத்தத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. "ஊரே வந்து பாத்துச்சு. தண்டு உசரமாயிக்கினே போச்சு. ஒரே மழை. அப்படியே படுத்துக்கிச்சு."

"என்னாலதானே?" என்றேன்.

"உன்னால இல்ல. அந்தப் படத்தாலதான்" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். எனக்கு அது இன்னும் வலித்தது. யூரியாவில் கார்பனின் இரண்டு கையை ஆக்சிஜன் பிடித்திருக்கிறது, மீதி இரண்டில் ஆளுக்கொரு நைட்ரஜன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரைவேன். அந்த நைட்ரஜன் ஒரு சாமைத் தாளை என்ன செய்யும் என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

ஊர்க் கோயில் எதிரே மரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். சென்னைக் கம்பெனியின் ஆள் கார்த்திக், சின்ன வயது, லினன் சட்டை, கையில் இரண்டு போன்.

"மேம், எங்க கஸ்டமர்ஸ் எல்லாம் உங்க வீடியோவ பாத்துட்டாங்க. ஒரு சின்ன வீடியோ பைட் குடுங்க. 'யூரியா ஒரு கெமிக்கல், அது ஆர்கானிக் இல்ல.' அவ்ளோதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விசாரணை அதிகாரி கேட்ட அதே வரி, இப்போது லினன் சட்டையில்.

"நான் முழுசா சொல்றேன் தம்பி. கெமிஸ்ட்ரில யூரியா ஆர்கானிக் சேர்மம்தான். ஆனா அதைப் போட்டா ஆர்கானிக் விவசாயம் ஆகாது."

"ரெண்டு லைன் வருது மேம். ரீல்ஸ்ல நிக்க மாட்டாங்க. தள்ளிட்டுப் போயிடுவாங்க."

"வேணும்னா வேகமா சொல்றேன்."

அவர் போனைத் தூக்கிப் பிடித்தார். நான் வேகமாகச் சொன்னேன். அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் ஆண்டியப்பன் கையைத் தூக்கினார், வகுப்பில் தூக்குவதுபோல.

"மேடம், ஒரு சந்தேகம். மாட்டு மூத்திரத்துல யூரியா கீதுன்றாங்களே. நெஜமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சாணமும் மாட்டு மூத்திரமும் கலந்து ஊறவைத்துத் தெளிப்பதுதான் அந்த ஊரின் விவசாயமே. கார்த்திக்கின் போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மெமோ, விளக்கம், மின்விசிறிக்குக் கீழே இருந்த அந்த நாற்காலி, எல்லாம் என் கண் முன்னால் வந்து போயின. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம்.

"இருக்குங்க" என்றேன். "அதே யூரியாதான்."

கார்த்திக் போனை மெல்லக் கீழே இறக்கினார்.

"அப்ப நான் போட்டது மட்டும் எப்படி தப்பு?" என்றார் ஆண்டியப்பன். குறும்பெல்லாம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"பொருள் ஒண்ணுதான்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். நான் விவசாயம் படிக்கல. மூட்டையில எவ்வளவு வந்துது, மாட்டுகிட்டேர்ந்து எவ்வளவு வரும்னு உங்க கொல்லையைப் பாத்தா எனக்கே புரியுது."

"ஏன்டா, எந்த மாடுடா ஒரு மூட்ட அளவு மூத்திரம் பேயும்?" என்றார் அலமேலு. மரத்தடியே சிரித்தது. ஆண்டியப்பனும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் அலமேலு கார்த்திக் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உனுக்கு வேண்டியது இன்னா? கடை உரம் போட்டமா இல்லியா, அதான?"

"ஆமாங்க."

"நாங்க போடல. இவன் போட்டான். இவன்து தனியா அறுத்து, தனியா அடிச்சி, கீழ சந்தைல போட்டுக்குவான். மத்தது நல்லது. நீயே கொல்லை கொல்லையா போய்ப் பாரு. எடுத்துக்கறதுன்னா எடுத்துக்க."

கார்த்திக் கொல்லை கொல்லையாகப் போய்ப் பார்த்தார். ஒரு பாறைமேல் ஏறி, சிக்னல் கிடைக்கிற இடமாகத் தேடி, சென்னைக்கு நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து சரி என்றார். அலமேலு பெருமூச்சு விட்டார். அதற்குப் பிறகுதான் எனக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை என்ற நினைப்பே அவருக்கு வந்தது.

அறுவடையில் ஆண்டியப்பனுக்குப் பாதிகூடத் தேறவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மற்றவர்களின் சாமை சென்னைக்குப் போனது. நான் பேசியதில் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் வெட்டி எடுத்து, "கெமிஸ்ட்ரி மேடமே சொல்றாங்க" என்று கம்பெனி ஒரு வீடியோ போட்டது. முதல் வாக்கியம் உரக்கடை மாடியில் இருந்தது. இரண்டையும் ஒருசேரப் பார்த்தவர்களுக்கு நான் பேசியது முழுசாகக் கிடைத்திருக்கும்.

ஊர்ப் பலகையையும் மாற்றிவிட்டார்கள். "ரசாயனமே இல்லாத கிராமம்" என்பதைச் சுண்ணாம்பால் அடித்துவிட்டு, "கடை உரம் போடாத ஊர். ஆண்டியப்பன் தவிர" என்று எழுதினார்களாம். ஆண்டியப்பன் அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. ஊரில் இன்னொரு ஆண்டியப்பன் இருக்கிறான், அவனுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது, இனிஷியலோடு எழுது என்று மட்டும் சண்டை போட்டாராம்.

எச்சரித்து விடப்பட்டேன்

கார்த்திகை வாக்கில் என் விசாரணையின் முடிவு வந்தது. மாட்டு மூத்திர விஷயம் அவர்கள் காதுக்குப் போகவில்லை. கார்த்திக் அதை அழித்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவர் நன்றாக இருக்கட்டும்.

ஆசிரியை எச்சரித்து விடப்படுகிறார் என்று இருந்தது. இனி வகுப்பறைக்கு வெளியே, பாடம் தொடர்பான கருத்துகள் எதையும் தெரிவிக்கக் கூடாது என்றும் இருந்தது. பாடம் தொடர்பில்லாத கருத்துகளைத் தெரிவிக்கத் தடை ஏதும் இல்லை.

தலைமை ஆசிரியர் கையைக் குலுக்கினார். "இன்கிரிமென்ட் தப்பிச்சுது மேடம். இனிமே எதையும் வெளியில பேசாதீங்க. நமக்கு எதுக்கு, உண்மையா இருந்தா என்ன, இல்லைன்னா என்ன?"

அவர் வரலாறு படித்தவர்.

அடுத்த திங்கட்கிழமை பதினோராம் வகுப்புக்குப் போனேன். கார்பனுக்கு நாலு கை வரைந்தேன். மறுநாள் யூரியா. ஜெர்மன்காரர் உப்பைச் சூடாக்கினார், சிறுநீரில் இருக்கிற அதே பொருள் கிடைத்தது என்று சொல்லி, வழக்கமான சிரிப்புக்காக நிறுத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அந்த ஃப்ளெக்ஸுக்குக் கீழே பஸ் ஏறி வருகிறவர்கள். மெமோ விஷயமும் அவர்களுக்குத் தெரியும். எனக்கு ஏதோ ஆகிவிடும் என்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானே கரும்பலகையில் எழுதினேன். யூரியா ஒரு கரிமச் சேர்மம். அடியில் கோடும் போட்டேன்.

நதியா என்கிற பெண் எழுந்து நின்றாள். நன்றாகப் படிக்கிறவள், கேள்வி கேட்காதவள்.

"மிஸ், இது நெஜமா?"

"நெஜம்தாம்மா."

அவள் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நெஜமா இருந்தாலும், எக்ஸாம்ல எழுதலாமா மிஸ்?"

"எழுதலாம்மா" என்றேன். "அங்க எழுதினா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."